ஏழு மாதமாக ஆடியும் பிக்கிள்பாலில் அதே இடத்தில் நிற்கிறேன், என்ன செய்யலாம்?

கேள்வி: எனக்கு 52 வயது. ஏழு மாதமாக வாரத்தில் நான்கு நாள் நண்பர்களோடு பிக்கிள்பால் டபுள்ஸ் ஆடுகிறேன். முதல் இரண்டு மாதம் மளமளவென்று முன்னேறினேன். அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. சர்வுக்கும் அதைத் திருப்பி அனுப்பும் பந்துக்கும் அடுத்து எங்கள் பக்கம் போட வேண்டிய மூன்றாவது ஷாட்டை மெதுவாகப் போடப் பார்த்தால் ஒன்று நெட்டில் விழுகிறது, இல்லையென்றால் உயரமாகப் போய் எதிராளிக்கு லட்டு மாதிரி கிடைக்கிறது. ஆடிய மறுநாள் காலையில் கெண்டைக்கால் இறுகிப்போய் மாடிப்படி இறங்கவே சிரமம். வாரத்தில் ஆறு நாள் ஆடினால் சரியாகுமா? விலை கூடிய பேடில் (மட்டை) வாங்கினால் பலன் இருக்குமா?

பதில்: நாளைக் கூட்டாதீர்கள். இருக்கிற நான்கு நாளிலேயே ஒரு நாளை ஆட்டத்திலிருந்து எடுத்துப் பயிற்சிக்குக் கொடுங்கள். காரணம் சொல்கிறேன்.

மூன்றாவது ஷாட், கெண்டைக்கால் வலி என்று இரண்டு தனித்தனிப் பிரச்சினையாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உங்கள் கால் பந்துக்குத் தாமதமாகப் போய்ச் சேருகிறது. கால் செய்யாத வேலையைக் கை ஈடுகட்டப் பார்க்கிறது.

அடுத்த முறை ஆடும்போது யாரையாவது பக்கவாட்டில் நின்று செல்போனில் பத்து நிமிடம் படம் பிடிக்கச் சொல்லுங்கள். ஸ்கோரைப் பார்க்க வேண்டாம். எதிராளியின் பேடில் பந்தைத் தொடும் அந்த நொடியில் படத்தை நிறுத்தி, உங்கள் குதிகாலை மட்டும் பாருங்கள். தரையில் ஒட்டிக் கிடக்கிறதா? முழங்கால் நேராக நிற்கிறதா? பேடில் தொடைப் பக்கம் தொங்குகிறதா? பொழுதுபோக்காக ஆடுகிறவர்களில் பலரிடம் இந்த மூன்றையும் பார்க்கலாம். அப்படி நிற்பவர் பந்து வந்த பிறகுதான் நகரத் தொடங்குவார். குனியும்போதும் முழங்காலை மடக்காமல் இடுப்பை மடக்குவார். கடைசி நொடியில் மணிக்கட்டைச் சுண்டி விடுவார். நெட்டில் விழுவதும் உயரமாகப் போவதும் அந்தச் சுண்டலால்தான்.

மூன்றாவது ஷாட்டின் வேலை என்ன என்பதையும் தெளிவாக்கிக்கொள்வோம். சர்வ் ஒரு முறை தரையில் பட வேண்டும், அதைத் திருப்பி அனுப்பும் பந்தும் ஒரு முறை தரையில் பட வேண்டும் என்பது விதி. அதனால் சர்வ் போட்ட அணி நெட்டிலிருந்து 22 அடி தள்ளி, கடைசிக் கோட்டருகே காத்திருக்க வேண்டியிருக்கிறது. எதிரணி அதற்குள் கிச்சன் கோட்டுக்கு வந்துவிடும். நெட்டை ஒட்டிய 7 அடிப் பகுதிக்குத்தான் கிச்சன் என்று பெயர். அதற்குள் நின்றபடி பந்தை நேராகக் காற்றில் அடிக்கக் கூடாது. தரையில் பட்ட பந்தை அடிக்கலாம். மூன்றாவது ஷாட் கிச்சனுக்குள் தாழ்வாக விழுந்தால், எதிராளி நெட்டுக்குக் கீழிருந்து மேல்நோக்கித்தான் அடித்தாக வேண்டும். அந்த அவகாசத்தில் நீங்களும் உங்கள் ஜோடியும் முன்னேறிக்கொள்ளலாம். அந்த ஷாட் பாயிண்ட் வாங்கித் தர வேண்டியதில்லை. முன்னே போக வழி வாங்கித் தந்தால் போதும்.

பந்து தன் உச்சத்தை நெட்டுக்கு இந்தப் பக்கமே தொட்டுவிட்டு, இறங்கிக்கொண்டே நெட்டைத் தாண்ட வேண்டும். நெட் நடுவில் 34 அங்குலம், ஓரங்களில் 36. அதனால் சந்தேகம் வந்தால் நடுவில் போடுங்கள்.

பயிற்சியை 22 அடியிலிருந்து தொடங்காதீர்கள். எல்லோரும் செய்கிற தவறு அது. உங்கள் ஜோடி எதிர்ப்பக்கக் கிச்சன் கோட்டில் நிற்கட்டும். நீங்கள் இந்தப் பக்கக் கிச்சன் கோட்டில் நின்று, நெட்டுக்கு மேலே மெல்லத் தட்டிவிடும் டிங்க் பந்துகளாகப் பத்து போடுங்கள். பத்தில் ஏழு கிச்சனுக்குள் விழுந்தால் இரண்டடி பின்னால் போங்கள். விழாவிட்டால் அங்கேயே நில்லுங்கள். இப்படிப் படிப்படியாகக் கடைசிக் கோட்டை எட்ட இரண்டு மூன்று வாரம் ஆகலாம், ஆகட்டும். ஓர் ஆட்டத்தில் உங்கள் கைக்கு வரும் மூன்றாவது ஷாட்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பயிற்சியில் இருபது நிமிடத்தில் நூறு போடலாம். ஆட்ட நாளைக் கூட்டினால் பலன் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். ஜோடி கிடைக்காத நாளில் ஒரு சுவர் போதும். 34 அங்குல உயரத்தில் டேப் ஒட்டி, 7 அடி தள்ளி நின்று, டேப்புக்குச் சற்று மேலே பந்து படும்படி விடாமல் முப்பது தட்டுங்கள்.

அந்த நேரத்தில் பிடியையும் கவனியுங்கள். விரல் நுனி வெளுத்திருந்தால் பேடிலை இறுக்கிப் பிடிக்கிறீர்கள். முழு பலத்தை 10 என்று வைத்துக்கொண்டால் மென்மையான ஷாட்டுக்கு 3 அல்லது 4 போதும். தோளிலிருந்து சின்ன வீச்சு, பூட்டின மணிக்கட்டு, அவ்வளவுதான்.

இப்போது கால். எதிராளி பந்தைத் தொடப்போகும் நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தாலும் நின்று, இரண்டு காலையும் தோள் அகலத்துக்கு விரித்து, மிகச் சின்னதாக ஒரு துள்ளல் போட்டு முன்பாதத்தில் இறங்குங்கள். ஸ்ப்ளிட் ஸ்டெப் என்பது இதுதான். முன்னே ஓடும்போதும் ஒரே மூச்சில் கிச்சனுக்குப் பாயாதீர்கள். ஓடுங்கள், எதிராளி அடிக்கும்போது நில்லுங்கள், மறுபடி நகருங்கள். இரண்டு தரப்பும் கிச்சன் கோட்டில் நின்றால் இடைவெளி வெறும் 14 அடி. அந்தத் தூரத்தில் குதிகாலில் நிற்பவருக்கு நகர நேரமே கிடைக்காது.

சின்னக் கோர்ட்தான், பாட்மின்டன் டபுள்ஸ் கோர்ட்டின் அதே 20க்கு 44 அடி. அதனால் உடம்புக்கு லேசான ஆட்டம் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் திடீர்ப் பாய்ச்சலும் திடீர் நிறுத்தமுமாக நடக்கும் ஆட்டம் இது. அந்தச் சுமையில் பெரும்பங்கு கெண்டைக்காலுக்கும், அதைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாணுக்கும் போகிறது. ஐம்பதைத் தாண்டிய உடம்பில் அந்தத் தசைநாண் முன்போல் நெகிழ்வாக இருக்காது. எனவே வாரத்தில் இரண்டு நாள், அடுத்தடுத்து இல்லாமல், கால்களுக்கு வலுப்பயிற்சி கொடுங்கள். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக மேலே எழும்பி அதைவிட மெதுவாகக் கீழே இறங்குங்கள். பன்னிரண்டு வீதம் மூன்று சுற்று. ஒரு மாதம் கழித்து ஒற்றைக் காலில். கூடவே நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, ஒற்றைக் காலில் அரை நிமிடம் நிற்பது. இறங்கும் வேகத்தில்தான் பலன் இருக்கிறது, அதை அவசரப்படுத்தாதீர்கள்.

கோர்ட்டில் இறங்கியதும் நேரே ஆட்டத்துக்குப் போகிறீர்கள் என்றால் அதை இன்றோடு விடுங்கள். ஐந்து நிமிடம் வேக நடை, அப்புறம் பக்கவாட்டு அடிகள், கால் வீச்சு, ஐந்து நிமிடம் டிங்க். நின்ற நிலையில் இழுத்துப் பிடிக்கும் நீட்சிகளை ஆட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் இறுக்கம் ஓரிரு நாளில் தளர்ந்தால் பயமில்லை. ஆடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல் குதிகாலுக்கு மேலே சுரீரென்று வந்தாலோ, முன்பாதத்தில் எழும்ப முடியாமல் போனாலோ, அன்றே மருத்துவரைப் பாருங்கள், தசைநாண் அறுந்திருக்கலாம். ஒரு காலில் மட்டும் வீக்கமோ சூடோ இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். நெஞ்சில் அழுத்தம், தலைச்சுற்றல் வந்தால் ஆட்டத்தை அந்த இடத்திலேயே நிறுத்தி உடனே உதவி தேடுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு ஏதாவது இருந்தால் பயிற்சியைக் கூட்டும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. தலைக்கு மேலே உயரமாகத் தூக்கிப்போட்ட லாப் பந்து வந்தால் முகத்தை நெட் பக்கம் வைத்துக்கொண்டு பின்னோக்கி ஓடாதீர்கள். அப்படி ஓடும்போதுதான் மல்லாக்க விழுகிறோம், கையை ஊன்றி மணிக்கட்டை முறித்துக்கொள்கிறோம். உடம்பைத் திருப்பிக்கொண்டு ஓடுங்கள். எட்டாது என்று தெரிந்தால் விட்டுவிடுங்கள், ஒரு பாயிண்ட்தானே.

பேடில் இப்போதைக்கு வேண்டாம். கைப்பிடி உள்ளங்கைக்குப் பொருந்தி, ஆடி முடித்ததும் முழங்கை வலிக்காமல் இருந்தால் இருப்பதே நல்ல பேடில்தான். அந்தப் பணத்தில் ஷூ வாங்குங்கள். ஓடுவதற்கான ஷூ நேராகப் போவதற்குச் செய்தது. பக்கவாட்டில் நிறுத்தும்போது கணுக்கால் பிசகிவிடலாம். பக்கத்துக்குத் தாங்கலும் தட்டையான அடிப்பகுதியும் உள்ள கோர்ட் ஷூ வாங்கி, முதலில் பயிற்சி நாளில் போட்டுப் பழகுங்கள்.