கணினிக் கேள்வி – பதில்: சேர்வரோடு பேசும் மென்பொருள்

கேள்வி: மருந்துக்கடைகளுக்கு, மைக்ரோசொஃப்டின் நிரல் தளமான டொட் நெட் 8 இல் விண்டோஸ் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். கடை பூட்டும் நேரம் பத்தாயிரம் பொருட்களின் கையிருப்பை, பொருளுக்கு ஒரு கோரிக்கையாக, ஒரே வீச்சில் அனுப்புகிறது. முதல் தடவை எப்படியோ போய்விடும். உடனே மறுபடி அனுப்பினால் பிழை. நாலைந்து நிமிடம் பொறுத்தால் தானாகச் சரியாகிறது. சேர்வரில் குறையா? (வாசகர், கல்முனை)

பதில்: சேர்வரைக் குறைசொல்ல வேண்டாம். "பொறுத்தால் தானாகச் சரி" என்றதிலேயே காரணம் இருக்கிறது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக ஒரு எச்டிடிபி கிளையன்ட் (சேர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் நிரல் பகுதி) உருவாக்கி, முடிந்ததும் 'யூஸிங்' என்ற கட்டளை போட்டு அழிக்கிறீர்கள் போலும். கிளையன்ட் அழிந்தாலும் அது திறந்த இணைப்பு உடனே விடுபடாது. 'டைம் வெயிட்' (மூடிய பின் காத்திருப்பு) நிலையில் விண்டோஸ் அதைச் சில நிமிடம் பிடித்து வைத்திருக்கும், அதுவரை அந்த இணைப்பின் போர்ட் எண் (கணினியிலிருந்து வெளியே போகும் வாசலின் எண்) முடக்கம். வெளியே போகும் இணைப்புகளுக்கு விண்டோஸ் வழக்கமாக ஒதுக்குவது 49152 முதல் 65535 வரை, மொத்தம் 16,384 போர்ட்கள்தான். பத்தாயிரத்தை இரண்டு தரம் அனுப்பினால் எங்கே முட்டும் என்பது தெரிகிறதே. சந்தேகமென்றால் பிழை வரும் நேரம் கட்டளைத் திரையில், இணைப்புகளைப் பட்டியலிடும் 'நெட்ஸ்டாட்' ஓடவிட்டுப் பாருங்கள், டைம் வெயிட் வரிகள் பக்கம் பக்கமாக ஓடும்.

இதற்கு மருந்து: மென்பொருள் முழுவதற்கும் ஒரே ஒரு ஸ்டாட்டிக் (ஒரு தரம் உருவாக்கிக் கடைசிவரை பாவிக்கும்) கிளையன்ட். ஆனால் அப்படியே விட்டால் வேறொரு தொல்லை வரும்: திறந்த இணைப்பு பழைய ஐபி முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும். சேர்வரை வேறு இடத்துக்கு மாற்றினால் கடைக் கணினிக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே கிளையன்டின் இணைப்புகளைக் கவனிக்கும் 'சொக்கெட்ஸ் எச்டிடிபி ஹேண்ட்லர்' ஒன்றை உருவாக்கி, அதில் 'பூல்ட் கனெக்ஷன் லைஃப்டைம்' (ஒரு இணைப்பின் ஆயுள்) 5 நிமிடம், 'கனெக்ட் டைம்அவுட்' (இணைப்புக் கிடைக்கக் காத்திருக்கும் கெடு) 10 செக்கன், 'மேக்ஸ் கனெக்ஷன்ஸ் பெர் சேர்வர்' (ஒரு சேர்வருக்கு ஒரே நேரத்தில் திறக்கும் இணைப்புகள்) 4 என்று வையுங்கள். இந்த மூன்றுக்கும் இயல்பு மதிப்பு நடைமுறையில் எல்லையின்மைதான். டேட்டா சென்டரில் அது ஓடிவிடும், கடை மேசையில் ஓடாது. பழைய டொட் நெட் ஃபிரேம்வேர்க்கில் நிலைமை நேரெதிர்: டெஸ்க்டொப் மென்பொருளுக்கு ஒரு சேர்வருக்கு 2 இணைப்புத்தான் இயல்பு, அதிலுள்ள 'சேர்விஸ் பொயிண்ட் மனேஜர்' என்ற வகுப்பின் வழியாகக் கூட்ட வேண்டும்.

இதையெல்லாம் செய்தாலும் பொருளுக்கு ஒரு கோரிக்கை என்பது வீண் செலவு. 200 பொருளை ஒரு ஜேசனில் (தரவைக் கட்டி அனுப்பும் எழுத்து வடிவம்) கட்டி அனுப்பினால் 50 கோரிக்கையில் வேலை முடியும்.

கேள்வி: லைன் மந்தமானால் பில் திரை உறைந்துபோகிறது. சிலவேளை ஒரே பில் சேர்வரில் இரண்டு தரம் பதிவாகிறது. (வாசகர், வாழைச்சேனை)

பதில்: இரண்டு நோய், இரண்டு வைத்தியம். திரை உறைவது, 'அசிங்க்' (பின்னணியில் ஓடும்) அழைப்பின் முடிவுக்காக '.ரிசல்ட்' என்று எழுதித் திரையை இயக்கும் நூலிழையையே ('த்ரெட்') காத்திருக்க வைப்பதால். பட்டன் நிகழ்விலிருந்து கடைசிவரை 'அவெய்ட்' (திரையைப் பூட்டாமல் காத்திருக்கும் கட்டளை) இருக்க வேண்டும். இடையில் ஒரு இடத்தில் '.ரிசல்ட்' நுழைந்தாலும் போதும், நல்ல லைனிலேயே மென்பொருள் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளலாம்.

டொட் நெட் கிளையன்டின் இயல்பு டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் கெடு) 100 செக்கன். மேசைக்கு முன்னால் ஆள் நிற்கும்போது அது மிக அதிகம். அந்த மதிப்பை முதல் கோரிக்கை போன பின் மாற்ற முயன்றால் பிழை எறியும், எனவே கோரிக்கைக்குக் கோரிக்கை வேறு கெடு வேண்டுமானால் கோரிக்கையை நிறுத்தச் சொல்லும் 'கேன்சலேஷன் டோக்கன்' கொடுங்கள்: பில்லுக்கு 15 செக்கன், மாத அறிக்கைக்கு 60. டோக்கனின் கெடு, கிளையன்டின் டைம்அவுட் ஆகிய இரண்டில் குறைந்ததே செல்லும். பைதன் மொழியில் 'ரிக்வெஸ்ட்ஸ்' நூலகம் பாவிப்பவர்கள் இன்னும் கவனம்: அதில் இயல்பாக டைம்அவுட்டே கிடையாது.

இரட்டைப் பதிவுக்கு வருவோம். டைம்அவுட் ஆனது என்றால் பில் போகவில்லை என்று அர்த்தமில்லை; போய்ப் பதிவாகி, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். போஸ்ட் கோரிக்கையை (சேர்வருக்குத் தரவு அனுப்பும் வகை) கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்புவதுதான் பிழை. பில் போட்ட கணமே கடைக் கணினியில் ஒரு 'கைட்' எண் (வேறெதற்கும் வராத தனி அடையாள எண்) உருவாக்கி, முதலில் உள்ளூர் எஸ்கியூலைட்டில் (கணினியிலேயே இருக்கும் சிறு தரவுத்தளம்) எழுதுங்கள். பிறகு அனுப்புங்கள். சேர்வர் அட்டவணையில் அந்த எண்ணுக்கு 'யுனீக்' (ஒரே எண் இரண்டாவது தரம் பதிவாகாத) கட்டுப்பாடு இருந்தால் பத்துத் தரம் போனாலும் ஒரு பில்தான். மறுமுயற்சி 2, 4, 8 செக்கன் என்று விலகிப் போகட்டும், அதோடு சிறு தற்செயல் இடைவெளியும் சேருங்கள். கரண்ட் வந்ததும் எல்லாக் கிளைகளும் ஒன்றாகச் சேர்வரில் விழுவதை அது தடுக்கும். சேர்வரின் பதில் எண் 429 (கோரிக்கை மிகுதி), 503 (சேவை இப்போது இல்லை) என்று வந்தால், பதிலோடு வரும் 'ரீட்ரை ஆஃப்டர்' தலைப்பு வரி சொல்லும் நேரத்துக்குக் கட்டுப்படுங்கள். 400 (பிழையான கோரிக்கை), 401 (அனுமதி இல்லை), 404 (முகவரியில் ஒன்றும் இல்லை) ஆகியவற்றுக்கு மறுமுயற்சி வீண்.

கேள்வி: அரிசி ஆலை மென்பொருள். விவசாயியின் தமிழ்ப் பெயர் சேர்வரில் கேள்விக்குறிகளாகப் பதிகிறது. (வாசகர், சம்மாந்துறை)

பதில்: கேள்விக்குறி என்றால் எழுத்து ஏற்கெனவே அழிந்துவிட்டது, மீட்க முடியாது. ஒன்றில் எங்கோ ஆங்கில எழுத்தை மட்டும் அறிந்த ஆஸ்கி குறியாக்கம் நுழைந்திருக்கிறது, அல்லது எஸ்கியூஎல் சேர்வர் தரவுத்தளத்தில் யூனிகோட் எழுத்தை வைக்கும் 'என்வார்ச்சார்' இருக்க வேண்டிய இடத்தில் 'வார்ச்சார்' இருக்கிறது. தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்துகளாக வந்திருந்தால் யூடிஎஃப்-8 ஐ (தமிழையும் தாங்கும் யூனிகோட் குறியாக்கம்) வேறு குறியாக்கமாக வாசித்திருக்கிறார்கள். அதைப் பெரும்பாலும் மீட்கலாம்.

தமிழைக் கோரிக்கையின் உடலில் அனுப்புங்கள். தலைப்பு வரிகளில் வைத்தால் கிளையன்டே மறுக்கும். யூஆர்எல்லில் (இணைய முகவரி) வைத்தால், எழுத்தை % குறியீடுகளாக மாற்றும் 'எஸ்கேப் டேட்டா ஸ்ட்ரிங்' கட்டாயம், அதுவும் நீண்டுபோகும்: 'கு' என்பது இரண்டு குறியீட்டுப் புள்ளி ('க'வும் உகரக் குறியும்), 6 பைட், யூஆர்எல்லில் 18 எழுத்து.

கேள்வி: அடிப்படை முகவரியின் கடைசியில் 'ஏபிஐ' இருந்தும் 404 வருகிறது. (வாசகர், களுவாஞ்சிகுடி)

பதில்: அடிப்படை முகவரி சாய்கோட்டில் (/) முடிய வேண்டும், சேர்க்கும் பாதை சாய்கோட்டில் தொடங்கக் கூடாது. இதில் ஒன்று பிசகினாலும் 'ஏபிஐ' கழன்றுவிடும்.

கேள்வி: ஒரேயொரு பழைய கணினியில் மட்டும் சான்றிதழ்ப் பிழை. சோதனையை அணைத்துவிடும்படி நண்பர் சொல்கிறார். (வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: அணைக்காதீர்கள். சேர்வர் அசல்தான் என்று காட்டுவது அந்தச் சான்றிதழ். அணைத்தால் இடையில் நிற்பவன் யாரானாலும் அவனைச் சேர்வர் என்று நம்பிக் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடும். முதலில் கணினியின் திகதியைப் பாருங்கள். மதர்போர்டின் சிஆர்2032 பட்டரி செத்தால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் திகதி பல வருடம் பின்னால் போகும், சான்றிதழ் "இன்னும் தொடங்காதது" ஆகிவிடும். பட்டரியை மாற்றிய பின் திகதியை ஒரு தரம் கையால் வையுங்கள். 15 மணித்தியாலத்துக்கு மேல் பிசகினால் விண்டோஸின் தானியங்கித் திருத்தம் பொதுவாக ஏற்காது. திகதி சரியாக இருந்து, கணினி விண்டோஸ் 7 ஆக இருந்தால், டிஎல்எஸ் 1.2 (இணைப்பை மறையாக்கும் நெறிமுறை) அங்கே இயல்பாக இயங்காமல் இருக்கலாம். மென்பொருள் பழைய டொட் நெட் ஃபிரேம்வேர்க்கில் எழுதியதென்றால், 'சேர்விஸ் பொயிண்ட் மனேஜரின்' 'செக்யூரிட்டி புரோட்டோக்கோல்' வரியில் அதை வெளிப்படையாக எழுதிப் பாருங்கள்.