வேலையை விட்டுப் போகும் ஆயாவுக்குக் கடிதம் எழுதுவது எப்படி? கேள்வி பதில்

சென்னையில் 14 வருடமாகக் குழந்தை பார்க்கும் பெண்களை வீடுகளில் சேர்த்துவிடுகிறேன். முன்பு வேலை பார்த்த வீட்டார் அவரைப் பற்றி எழுதிக்கொடுத்த நல்ல கடிதம் ஒன்று கையில் இருந்தால் அந்தப் பெண்ணை உட்காரவைத்துப் பேசுகிறார்கள். இல்லாவிட்டால் வாசலோடு அனுப்பிவிடுகிறார்கள். அதனால்தான் இந்தக் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

வேளச்சேரி: மகள் ஸ்கூலுக்குப் போகிறாள். நாலு வருடம் பார்த்துக்கொண்ட அக்காவை அனுப்புகிறோம். ‘நேர்மையானவர், அன்பானவர்’ என்று எழுதினால் போதாதா?

போதாது. எல்லாக் கடிதத்திலும் அதேதான் இருக்கிறது, யாரும் அதைப் படிப்பதில்லை. குழந்தை எத்தனை மாதத்தில் அவர் கைக்கு வந்தது, இப்போது என்ன வயது, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தனியாகப் பார்த்துக்கொண்டார், சமையலும் துணியும் சேர்த்தா இல்லை குழந்தை மட்டுமா, ஏன் வேலையை விடுகிறார்? முதல் பத்தியில் இது வரட்டும்.

அப்புறம் ஒரு சம்பவம் எழுதுங்கள். நான் பார்த்த ஒரு கடிதத்தில் இப்படி இருந்தது: ‘பையனுக்கு மத்தியானம் 102 காய்ச்சல். நான் போனை எடுக்கவில்லை. என் கணவருக்கு அடித்தார், அவரும் எடுக்காததால் மாமியாரைக் கூப்பிட்டார். நாங்கள் வந்தபோது உடம்பைத் துடைத்துவிட்டு, டாக்டர் எழுதிக்கொடுத்த சிரப்பை எத்தனை மணிக்குக் கொடுத்தார் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார்.’ அடுத்த வீட்டு அம்மா அந்தக் காலண்டர் தாளைப் பற்றித்தான் கேட்டார். அன்றைக்கே வேலை முடிவானது.

‘எங்கள் வீட்டில் ஒருத்தி மாதிரி’ என்று மட்டும் எழுதாதீர்கள். நேரம் காலம் பார்க்காமல் உழைப்பார் என்றுதான் அடுத்த வீட்டார் அதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அடையாறு: ஆதார் நம்பர் போடலாமா?

கூடாது. அந்தத் தாள் பத்துப் பேர் கைக்குப் போகும். அடையாளம் வேண்டும் என்கிறவர்களிடம், கடைசி 4 எண் மட்டும் தெரிகிற ஆதாரை அவரே காட்டிக்கொள்ளட்டும்.

தாம்பரம்: சம்பளம்?

கடிதத்தில் வேண்டாம்.

அண்ணா நகர்: அக்கா, இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாங்கள் 18,000 கொடுத்தோம். எழுதாததால் அடுத்த வீட்டில் 12,000-க்குப் பேசுகிறார்கள்.

குரோம்பேட்டை: எங்களால் 9,000தான் முடிந்தது. எழுதியிருந்தால் அவர் அங்கேயே நின்றிருப்பார். இப்போது 15,000 வாங்குகிறார்.

இரண்டு பேர் சொல்வதும் நான் கண்ணால் பார்த்ததுதான். நேற்று இரவு முழுக்க இதையே யோசித்தேன். அண்ணா நகர் அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது, என் பதிலை மாற்றிக்கொள்கிறேன். சம்பளம், தீபாவளி போனஸ், வாரத்தில் எந்த நாள் லீவு என்பதைத் தனித் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு அவரிடமே கொடுத்துவிடுங்கள். காட்டினால் லாபம் என்றால் காட்டுவார், இல்லையென்றால் பைக்குள்ளேயே இருக்கட்டும். அவர் சம்பளத்தை யாரிடம் சொல்வது என்பது அவர் முடிவு.

மயிலாப்பூர்: நல்லவர்தான், ஆனால் அடிக்கடி லீவு. மறைத்தால் பொய் இல்லையா?

உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ‘மாதம் 3 நாள் லீவு எடுப்பார், முந்தின நாளே சொல்லிவிடுவார்’ என்பது குறை இல்லை, தகவல். நகை காணோம், அவர்மேல் சந்தேகம் என்பதையெல்லாம் எழுதாதீர்கள். நிரூபிக்காத பழி ஒரு பெண்ணின் பிழைப்பையே கெடுத்துவிடும், உங்கள்மேல் அவதூறு வழக்கும் வரலாம்.

குழந்தையை அடித்தவருக்குக் கடிதமே கொடுக்காதீர்கள். தகாத முறையில் தொட்டதாகச் சந்தேகம் வந்தால், சத்தமில்லாமல் அனுப்பிவிடுவது பெரிய தப்பு. 2012-ஆம் வருடத்துப் போக்சோ சட்டப்படி போலீஸில் சொல்லியே ஆகவேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கும் கூப்பிடலாம்.

போரூர்: ஒரு மாதிரிக் கடிதம் கிடைக்குமா?

வேளச்சேரிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மடிப்பாக்கம்: பொதுவாக ஒரு ஃபார்மட் கொடுத்தால் எல்லோருக்கும் உதவுமே?

கொடுக்க மாட்டேன். இதே கேள்வி இன்றைக்கு ஐந்தாவது முறை வருகிறது. ஒரே மாதிரியான இருபது கடிதம் என் மேஜையில் கிடக்கிறது, பெயர் மட்டும்தான் வேறு. அதை வைத்து யாருக்கும் வேலை கிடைக்கவில்லை. ஆதார் நம்பரையும் அதில்தான் போடுகிறார்கள்.

பெரம்பூர்: தமிழிலா, இங்கிலீஷிலா? எப்போது கொடுப்பது?

இரண்டிலும் எழுதுங்கள். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும், அதனால் தமிழ் கட்டாயம். தேதி, கையெழுத்து, உங்கள் போன் நம்பர், எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்பதும் இருக்கட்டும். கடைசி நாள் சாயங்காலம் நீட்டாதீர்கள். இரண்டு வாரம் முன்பே கொடுத்தால்தான் வேலை தேட முடியும்.

கொடுக்கும் முன் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒரு வீட்டில் வாசித்தபோது அந்த ஆயாம்மா மெதுவாகச் சொன்னார்: “சின்னப் பாப்பாவப் பொறந்த பதினோராம் நாள்லேர்ந்து கால்ல போட்டுக் குளிப்பாட்டினது நான்தாம்மா, அத விட்டுட்டீங்க.” அந்த வரியைச் சேர்த்து வேறு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். இப்போது அவரைப் பிறந்த குழந்தை இருக்கிற வீடுகளில்தான் கூப்பிடுகிறார்கள்.