பல்கேரியாவுக்குப் பெட்டி கட்டும் முன் மகனின் நோட்டைப் புரட்டிப் பாருங்கள்

டப்ளினிலிருந்து ஓர் அம்மா போன வாரம் கூப்பிட்டார். மகனுக்கு 16 வயது. ஐரிஷ் லீக் கிளப் ஒன்றின் அகாடமியில் ஆடுகிறான். "நாத்தனார் பையன் லண்டன்ல மெடிசின் சேர்ந்துட்டான். இவன் பந்து பின்னாடியே ஓடுறான்" என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. எச்பாட் எனும் மருத்துவ நுழைவுத் தேர்வில் மார்க் போதாவிட்டால், கடன் வாங்கிப் பல்கேரியாவுக்கு மருத்துவம் படிக்க அனுப்புவதாக வீட்டில் பேச்சாம்.

உங்கள் கவலை புரிகிறதம்மா. ஆனால் அந்தக் கடனை வாங்காதீர்கள். பையனோடு பேசினேன். மருத்துவம் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. எதிரணி கார்னரில் யார் எங்கே நிற்பார்கள் என்று ஒரு நோட்டு முழுக்க வரைந்து வைத்திருக்கிறான். சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் கொடுக்கிறான். ஆசை இல்லாத பிள்ளையை ஆறு வருடம் மருத்துவம் படிக்க வைத்து நாத்தனாருக்குப் பதில் சொல்ல வேண்டாம்.

அந்த நோட்டைப் பார்த்ததும் எனக்குக் கீத் ஆண்ட்ரூஸ் நினைவுதான். 1980-ல் டப்ளினில் பிறந்த கால்பந்து ஆட்டக்காரர். வுல்வ்ஸ், ஹல், மில்டன் கீன்ஸ், பிளாக்பர்ன், போல்டன் என்று பத்துக்கும் மேற்பட்ட கிளப்களில் ஆடினார். அதில் பாதி இடங்களுக்குச் சொந்தக் கிளப் அவரைத் தற்காலிகமாக இரவல் கொடுத்தது. அயர்லாந்து தேசிய அணிச் சட்டை கிடைத்ததே 28 வயதில்தான். 2015-ல் ஓய்வு பெற்றதும் மில்டன் கீன்ஸில் பயிற்சிக் குழுவில் சேர்ந்தார். அப்புறம் தேசிய அணியில் உதவிப் பயிற்சியாளர். 2024-ல் இங்கிலாந்து பிரீமியர் லீக் கிளப்பான பிரென்ட்ஃபோர்டில் கார்னர், ஃப்ரீ கிக், த்ரோ, ஆட்டத் தொடக்கம் இவற்றுக்குத் திட்டம் போடுவதுதான் அவர் வேலையே. அந்தச் செப்டம்பரில் அந்த அணி தொடர்ந்து மூன்று லீக் ஆட்டங்களில் முதல் 40 நொடிக்குள் கோல் போட்டது. 2025 ஜூனில் அவரே தலைமைப் பயிற்சியாளர்.

எல்லோரும் ஆண்ட்ரூஸ் ஆகிவிட முடியாது. ஆனால் அவர் போன வழி திறந்துதான் கிடக்கிறது, யாரும் கேட்பதில்லை. கார்லோவில் இருக்கும் தென்கிழக்குத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஐரிஷ் கால்பந்துச் சங்கத்தோடு சேர்ந்து விளையாட்டு மேலாண்மை, கால்பந்துப் பயிற்சிப் பட்டப்படிப்பு நடத்துகிறது. எல்லாக் கல்லூரிப் படிப்புக்கும் போடும் வழக்கமான சிஏஓ விண்ணப்பம்தான். இலவசக் கட்டணத் திட்டத்துக்குத் தகுதி இருந்தால் மாணவர் பங்கு ஆண்டுக்கு 3,000 யூரோவைத் தாண்டாது. அறை வாடகை தனி. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏவின் பயிற்சியாளர் உரிமங்கள் சி, பி, ஏ, ப்ரோ என்று படிப்படியாக ஏறும்: படிப்பு முறையே குறைந்தது 60, 120, 180, 360 மணி நேரம். நடுவில் களத்தில் வேலை பார்த்த அனுபவமும் கேட்பார்கள். ஆரம்பத்தில் சாயங்காலப் பகுதிநேர வேலை, குறைந்த சம்பளம். அதை மறைக்க மாட்டேன். பட்டம் கையில் இருந்தால் அகாடமி நிர்வாகம், உள்ளூர் விளையாட்டுத் திட்டங்கள் என்று வேறு கதவுகளையும் தட்டலாம்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, 2021 முதல், 18 வயதுக்கு முன் அயர்லாந்துப் பையன்கள் இங்கிலாந்து கிளப்புக்கு மாற முடியாது. "ட்ரயல் வாங்கித் தருகிறேன்", அதாவது கிளப் தேர்வுக்கு வாய்ப்பு வாங்கித் தருகிறேன் என்று யார் பணம் கேட்டாலும் ஒரு யூரோகூடக் கொடுக்காதீர்கள். பள்ளி இறுதித் தேர்வான லீவிங் செர்ட்டையும் அவன் ஒழுங்காக முடிக்க வேண்டும், அதில் பேரம் கிடையாது.

இந்தச் சனிக்கிழமை மைதானத்துக்குப் போய், அவன் அந்தச் சின்னப் பிள்ளைகளோடு எப்படிப் பேசுகிறான் என்று ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். நாத்தனாரிடம் நான் பேச வேண்டுமென்றால் எண்ணை அனுப்புங்கள், பேசுகிறேன்.