பிடிஎஃப் மென்பொருள் உறைந்து நிற்பது ஏன்?

கேள்வி: என் விண்டோஸ் கணினியில் மற்ற வேலைகள் எல்லாம் தடையின்றி நடக்கின்றன. பிடிஎஃப் மென்பொருள் மட்டும் எந்தக் கோப்பைத் திறந்தாலும் அரை நிமிடம் வெறும் வெள்ளைத் திரையைக் காட்டுகிறது. ஸ்கேன் செய்த 300 பக்கக் கோப்பு ஒன்றில் பக்கங்களை நகர்த்தினால், ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று காட்டி அப்படியே நின்றுவிடுகிறது. மென்பொருளை இரண்டு முறை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவியும் பயனில்லை. கணினியில் 8 ஜிபி ரேம் உள்ளது. புதிய கணினிதான் வாங்க வேண்டுமா?

பதில்: உங்கள் கேள்விக்குள் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. எந்தக் கோப்பானாலும் திறக்கத் தாமதமாகிறது என்பது ஒன்று; ஒரு குறிப்பிட்ட கோப்பில் பக்கம் நகர்த்தும்போது உறைகிறது என்பது மற்றொன்று. முதலாவதற்குக் காரணம் பெரும்பாலும் மென்பொருளின் அமைப்புகளிலோ, அது திறக்கும்போது தேடிப்போகும் பிரிண்டர், நெட்வொர்க் போன்றவற்றிலோ இருக்கும். இரண்டாவதற்குக் காரணம் கோப்புக்குள்ளேயே இருக்கும். இரண்டையும் ஒன்றாகக் கருதி மருந்து தேடியதால்தான் மறுநிறுவல் கைகொடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

எனவே முதலில் ஒரு சிறிய சோதனை செய்யுங்கள். தொல்லை தரும் கோப்பை உங்கள் கணினியின் சொந்த டிஸ்க்கில் நகலெடுத்துக்கொண்டு, அதை எட்ஜ், குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ஆகிய பிரவுசர்களில் ஒன்றில் திறந்து பாருங்கள். பிடிஎஃப் கோப்பைக் காட்டும் வசதி இம்மூன்றிலும் உள்ளடங்கியிருக்கிறது. அங்கும் பக்கங்கள் திணறினால் கோப்பே கனமானது என்று கொள்ளலாம். அங்கு இயல்பாக நகர்ந்து உங்கள் மென்பொருளில் மட்டும் திணறினால் மென்பொருளைத்தான் கவனிக்க வேண்டும். அடுத்து, வெறும் எழுத்து மட்டுமே உள்ள இரண்டு மூன்று பக்கக் கோப்பு ஒன்றை உங்கள் மென்பொருளில் திறந்து பாருங்கள். அதற்கும் அரை நிமிடம் ஆகுமானால், முதல் கோளாறுக்கும் கோப்புக்கும் தொடர்பே இல்லை என்பது உறுதியாகிவிடும். சொந்த டிஸ்க்கில் நகலெடுக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. கோப்பு நெட்வொர்க் டிரைவிலோ, ஒன்டிரைவ் போன்ற மேகச் சேமிப்பிலோ இருந்தால், உள்ளடக்கம் வந்து சேரும் வரை மென்பொருள் காத்துக்கிடக்கும்; பழி மட்டும் மென்பொருளின் மீது விழும்.

‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்ற அறிவிப்பைக் கண்டு பதற வேண்டியதில்லை. ஒரு மென்பொருளின் சாளரம் ஏறத்தாழ 5 விநாடிகள் விண்டோஸுக்குப் பதில் தராவிட்டாலே இந்த அறிவிப்பு வந்துவிடும். மென்பொருள் செயலிழந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. உள்ளே கடும் வேலையில் இருக்கலாம், அல்லது வெளியிலிருந்து ஏதோ ஒன்றின் பதிலுக்காகக் காத்திருக்கலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் இவ்விரண்டையும் வேறுபடுத்திவிடலாம். மென்பொருளின் வரிசையில் சிபியு எண் உயர்ந்திருந்தால் அது வேலை செய்கிறது. சுழியத்தையே ஒட்டி நின்றால் அது காத்திருக்கிறது. இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பக்கத்தை வரையும் வேலை பெரும்பாலும் செயலிக்குள் இருக்கும் பல கணக்கிடும் பகுதிகளில் (கோர்) ஒன்றிலேயே நடக்கும் என்பதால், டாஸ்க் மேனேஜர் 8 செயலிகளாகக் கணக்கிடும் ஒரு கணினியில், அந்தக் கோர் முழுமூச்சாக உழைத்தாலும் எண் சுமார் 12 சதவீதத்தைத் தாண்டாமல் நிற்கலாம். அதை ஓய்வு என்று எண்ணி மென்பொருளை வலிந்து மூடிவிடாதீர்கள். சேமிக்காத குறிப்புகள் போய்விடும்.

இனி, திறக்கும்போது ஏற்படும் தாமதம். அந்த அரை நிமிடத்தில் சிபியு எண் அசையாமல் இருந்தால், நான் முதலில் சந்தேகிப்பது பிரிண்டரைத்தான். கேட்பதற்கு விந்தையாக இருக்கும். பக்க அளவு முதலிய விவரங்களுக்காகச் சில பிடிஎஃப் மென்பொருள்கள் திறக்கும்போதே இயல்புநிலை (டீஃபால்ட்) பிரிண்டரைத் தொடர்புகொள்கின்றன. அந்தப் பிரிண்டர் நெட்வொர்க்கில் இருந்து, இப்போது அணைக்கப்பட்டிருந்தாலோ வேறு இடத்துக்குப் போய்விட்டாலோ, வராத பதிலுக்காக மென்பொருள் காத்திருக்கும். விண்டோஸுடன் வரும் ‘மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்’ என்பதைத் தற்காலிகமாக இயல்புநிலைப் பிரிண்டராக்கிவிட்டுத் திறந்து பாருங்கள். தாமதம் மறைந்தால் பழைய பிரிண்டரின் பதிவை நீக்கிவிடுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் டிஜிட்டல் கையொப்பத்தைப் பாருங்கள். கையொப்பமிட்ட கோப்பைத் திறக்கும்போது, அந்தக் கையொப்பத்துக்கான சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகிறதா என்று இணையம் வழியாக விசாரிக்கப்படுவது உண்டு. இணைப்பு மந்தமாக இருந்தால் திறப்பதும் மந்தமாகும். கையொப்பமில்லாத கோப்புகள் உடனே திறந்து, கையொப்பமிட்டவை மட்டும் தாமதித்தால் காரணம் இதுவே.

மாறாக, சிபியு எண் உயர்ந்தபடி தாமதமானால் வேறு திசையில் தேட வேண்டும். அக்ரோபேட் ரீடரை எடுத்துக்கொள்வோம். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் கணினியில் இயங்குவதாகக் கருதினால், அது கோப்பிலுள்ள பக்கங்களின் உள்ளடக்கத்தை வாசிக்கும் வரிசையில் அடுக்கி ஆயத்தம் செய்யத் தொடங்கும். திரைவாசிப்பு மென்பொருள் இல்லாமலேயே, திரையிலுள்ள எழுத்தைப் படிக்கும் வேறு துணை மென்பொருள்களாலும் இது தூண்டப்படுவது உண்டு. உள்ளடக்கம் ஆயத்தமாகிறது என்ற சிறு பெட்டி ஒன்று தோன்றி மறைவதைக் கண்டிருந்தால், பிரிஃபரன்சஸ் பகுதியில் ரீடிங் என்ற பிரிவுக்குச் சென்று, முழு ஆவணத்துக்கும் பதிலாகக் கண்ணில் படும் பக்கங்களை மட்டும் ஆயத்தம் செய்யும் தெரிவைத் தேர்ந்தெடுங்கள். 300 பக்கக் கோப்பில் இதன் பயன் உடனே தெரியும்.

அதே பிரிஃபரன்சஸில், பாதுகாப்புப் பிரிவிலுள்ள ‘புரொடெக்டட் மோட்’ என்பதை அணைத்துவிடும்படி அறிவுரைகள் தாராளமாகக் கிடைக்கும். கோப்புக்குள் ஒளிந்துவரும் தீய நிரல் கணினியைத் தொடாதபடி அடைத்துவைக்கும் வேலி அது. ஆன்டிவைரஸ் மென்பொருளுடன் அது முரண்படுகிறதா என்றறிய, நம்பகமான கோப்பு ஒன்றை வைத்து ஒருமுறை அணைத்துப் பார்க்கலாம். சோதனை முடிந்ததும் மீண்டும் இயக்கிவிட வேண்டும். வேகத்துக்காக நிரந்தரமாக அணைத்து வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முரண்பாடு உறுதியானால் இரண்டு மென்பொருள்களையும் அண்மைப் பதிப்புக்குப் புதுப்பிப்பதே முறை.

மறுநிறுவல் ஏன் பயன்தரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மாற்றிய அமைப்புகளும் அண்மைக் கோப்புகளின் பட்டியலும் மென்பொருள் இருக்கும் இடத்தில் இல்லை. உங்கள் பயனர் கணக்கில் தனியே சேமிக்கப்பட்டுள்ளன. மென்பொருளை நீக்கினாலும் அவை பெரும்பாலும் அங்கேயே தங்கியிருந்து, புதிதாக நிறுவியதும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. இதைக் கண்டறிய எளிய வழி, விண்டோஸில் புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதில் நுழைந்து மென்பொருளைத் திறந்து பார்ப்பது. அங்கே சீராக இயங்கினால், பழைய கணக்கிலுள்ள அமைப்புகளில்தான் பிழை இருக்கிறது.

இப்போது உங்கள் 300 பக்கக் கோப்புக்கு வருவோம். 1993இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட பிடிஎஃப் வடிவம், 2008இல் ஐஎஸ்ஓ 32000 என்ற பன்னாட்டுத் தரநிலையானது. ஒவ்வொரு பகுதியும் கோப்பில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை ஒன்று அதற்குள் இருக்கிறது. அதைப் பார்த்துத் தேவையான பக்கத்துக்கு மட்டும் நேராகப் போய்விட முடியும் என்பதால், ஆயிரக்கணக்கான பக்கங்கள் இருப்பது தன்னளவில் ஒரு சுமையே இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் என்ன இருக்கிறது என்பதுதான் சுமை. ஸ்கேன் செய்த பக்கம் என்பது ஒரு படம். ஏ4 தாளை 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்தால் 2480க்கு 3508, அதாவது சுமார் 87 லட்சம் பிக்சல்கள். வண்ணப்படமாக இருந்தால் ஒரு பிக்சலுக்கு 3 பைட் வீதம், நினைவகத்தில் விரிக்கும்போது ஒரு பக்கம் மட்டுமே சுமார் 26 எம்பி பிடிக்கும். 600 டிபிஐ என்றால் இது நான்கு மடங்காகி 100 எம்பியைத் தாண்டும். டிஸ்க்கில் அந்தப் பக்கம் சில நூறு கேபி மட்டுமே இருக்கலாம். அது சுருக்கிக் கட்டிய மூட்டை. நீங்கள் வேகமாகப் பக்கங்களைத் தள்ளும்போது மென்பொருள் ஒவ்வொரு மூட்டையாக அவிழ்த்துக்கொண்டிருக்கிறது. ஜேபெக் 2000, ஜேபிக் 2 போன்ற இறுக்கமான சுருக்க முறைகளில் அவிழ்ப்பதற்கு இன்னும் அதிக நேரம் பிடிக்கும். ஆகவே கோப்பின் அளவை மேலும் மேலும் சுருக்கினால் வேகம் கூடும் என்ற எண்ணம் எப்போதும் சரியாகாது.

தாள்கள் உங்கள் கையில் இருந்தால் மீண்டும் ஸ்கேன் செய்வதே சிறந்த தீர்வு. வெறும் அச்செழுத்துக்கு வண்ணம் தேவையில்லை. 300 டிபிஐ சாம்பல் நிறத்தில் எடுத்தால் விரித்த அளவு மூன்றில் ஒன்றாகும். தூய கறுப்பு வெள்ளையில் எடுத்தால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 1 எம்பியாகக் குறையும். தாள்கள் இல்லையென்றால், படங்களின் டிபிஐயைக் குறைத்துச் சேமிக்கும் வசதியுள்ள மென்பொருளைப் பயன்படுத்தலாம்; இலவசமாகக் கிடைக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் இதைச் செய்யும். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். பிறர் பார்க்கக் கூடாத ஆவணத்தை இணையத்தில் சுருக்கித் தரும் தளங்களில் ஏற்றுவதும் வேண்டாம்.

அந்தக் கோப்பில் நீங்கள் பலமுறை குறிப்பெழுதிச் சேமித்திருந்தால் வேறொன்றையும் செய்து பார்க்கலாம். பிடிஎஃப் கோப்பைச் சேமிக்கும்போது, பழையதைத் திருத்தாமல் மாற்றங்களைக் கோப்பின் கடைசியில் ஒட்டிக்கொண்டே போகும் முறை ஒன்று உண்டு. ‘சேவ் ஆஸ்’ கொடுத்து வேறு பெயரில் சேமித்தால், பல மென்பொருள்கள் கோப்பை முதலிலிருந்து ஒழுங்காக எழுதித் தரும். கையொப்பமிட்ட கோப்பில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். கையொப்பம் செல்லாமல் போகக்கூடும். பதிவிறக்கம் பாதியில் நின்று அட்டவணை சிதைந்த கோப்புகளும் திறக்கத் திணறும், ஏனெனில் மென்பொருள் கோப்பு முழுவதையும் தேடி அட்டவணையைத் தானே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவற்றை மீண்டும் பதிவிறக்குவதே போதும்.

புதிய கணினியைப் பொறுத்தவரை, இந்த ஒரு காரணத்துக்காக வாங்க வேண்டாம். டாஸ்க் மேனேஜரில் கோப்பு திறந்திருக்கும்போது நினைவகம் 90 சதவீதத்துக்கு மேல் போய், டிஸ்க்கும் இடைவிடாமல் 100 சதவீதத்தில் நின்றால் மட்டும், ரேமைக் கூட்டுவது பற்றியோ, இன்னும் சுழலும் ஹார்டு டிஸ்க்தான் இருக்கிறதென்றால் எஸ்எஸ்டிக்கு மாறுவது பற்றியோ யோசிக்கலாம். அதற்கு முன் இன்றே செய்யத்தக்கவை இரண்டு: இயல்புநிலைப் பிரிண்டரை மாற்றிப் பாருங்கள், அந்த ஸ்கேன் கோப்பின் டிபிஐ என்ன, அது வண்ணத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.