நகைச்சுவை நாடகம் மட்டுமே போட்ட ஊர்க் குழு கனமான நாடகம் ஒன்றை மேடையேற்ற முடியுமா?

நடிக்கிறவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், இதுவரை போட்டதெல்லாம் சிரிப்பு நாடகம், திடீரென்று சீரியஸாகப் போட்டால் ஜனம் உட்காருமா என்று கேட்டிருக்கிறீர்கள். உட்காரும். எங்களுக்கு 1 மணி 50 நிமிடம் உட்கார்ந்தது, பிளாஸ்டிக் நாற்காலியில், கொசுக்கடியோடு.

எங்களுடையது பாலாற்றங்கரை ஊர். பாதி வீடுகளில் யாராவது ஒருவர் தோல் பதனிடும் டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ வேலை பார்ப்பார். குழுவில் 14 பேர்: தையல்காரர், வங்கி ஊழியர், ஓய்வுபெற்ற தமிழாசிரியை, கல்லூரிப் பையன்கள் என்று கலவையாக. பொங்கலுக்கு ஒன்று, ஆண்டு விழாவுக்கு ஒன்று என்று சிரிப்பு நாடகம் போட்டுக்கொண்டிருந்த நாங்கள் ஒரு வருஷம் நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'மக்களின் எதிரி'யை எடுத்தோம். 1882-ல் எழுதியது. ஒரு சின்ன ஊருக்குப் பிழைப்பே அங்குள்ள மருத்துவக் குளியல் இல்லம்தான். அந்தத் தண்ணீர் கெட்டுப்போயிருப்பதை டாக்டர் கண்டுபிடிக்கிறார். மேட்டில் இருக்கும் தோல் ஆலைகளின் கழிவு. அதில் ஓர் ஆலை அவருடைய மாமனாருடையது. ஊர் மேயரோ சொந்த அண்ணன். சரி செய்ய வேண்டுமென்றால் இரண்டு வருஷம் எல்லாவற்றையும் மூட வேண்டும்.

எங்கள் ஊரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது, மாசுபடுத்தியவனே ஈடுகட்ட வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதிதான் என்று சொன்னது, இதெல்லாம் இங்கே பெரியவர்கள் திண்ணையில் பேசும் விஷயம். அதனால் நான் முதலில் சொல்வது இதுதான்: பெரிய பேர் வாங்கிய நாடகம் எது என்று தேடாதீர்கள். உங்கள் ஊரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சண்டை எந்த நாடகத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

பெயர்களை மாற்றுவதா வேண்டாமா என்று ஒரு வாரம் சண்டை போட்டோம். கடைசியில் மாற்றவில்லை. தாமஸ், பீட்டர், கேத்தரின், பெட்ரா. எங்கள் தெருவிலேயே இரண்டு பீட்டர் இருக்கிறார்கள்! நார்வே கதை என்று யாருக்கும் தோன்றவே இல்லை. வாயில் நுழையாத ஓரிரு பெயர்களை மட்டும் 'பத்திரிகைக்காரர்', 'அச்சகக்காரர்' என்று ஆக்கிக்கொண்டோம்.

ஒத்திகையில் என்ன தகராறு வரும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். சிரிப்பு நாடகத்தில் சரளமாகப் பேசிய அதே ஆள், சீரியஸ் என்றதும் குரலைத் தாழ்த்தி, சொல்லுக்குச் சொல் மூச்சு விட்டு, தூரத்தில் எதையோ பார்க்க ஆரம்பிப்பார். டிவி சீரியல் பழக்கம். திட்டினால் இன்னும் அதிகமாகும். நாங்கள் மூன்று வாரம் மேடைப் பக்கமே போகவில்லை. டியூஷன் சென்டரில் ராத்திரி 8 மணிக்கு மேல் வட்டமாக உட்கார்ந்து வாசித்தோம். வீட்டில் கேபிள் பில் கட்டாததற்குச் சண்டை போடும் வேகத்தில் வசனத்தைச் சொல்லுங்கள் என்றேன். இரண்டாவது வாரத்தில்தான் ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழத் தொடங்கியது. சிரிப்பு நாடகம் போட்டவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. எதிராளி பேசி முடிக்கும்வரை காத்திருந்து, சரியான நொடியில் பதில் போட அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். கனமான நாடகத்துக்கும் அதேதான் வேண்டும்.

இன்னொன்று, சிரிப்பை விரட்டாதீர்கள். இதை நகைச்சுவை நாடகம் என்பதா, வெறுமனே நாடகம் என்பதா என்று இப்சனுக்கே குழப்பம். பதிப்பாளருக்கு அப்படிக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரே கல்லெறிந்த மறுநாள் காலை, டாக்டர் தன் கால்சட்டை கிழிந்ததைப் பார்த்துப் புலம்பும் இடம் ஒன்று உண்டு. அதற்கு எங்கள் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த இரண்டு நிமிடத்தில் சத்தமே இல்லை.

நான் செய்த பெரிய தப்பு, மேயரை வில்லன் ஆக்கப் பார்த்தது. முறுக்கு மீசை, கைத்தடி வரைக்கும் யோசித்துவிட்டேன். அந்த வேஷம் போட்டவர் ஒரு டேனரியில் கணக்கு எழுதுகிறவர். "சார், இந்த ஆள் தப்பா என்ன பேசறார்? ரெண்டு வருஷம் மூடினா ஜனம் எங்க போகும்?" என்று கேட்டார். மீசை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தன் முதலாளியிடம் கூலி பாக்கிக்குப் பேசுகிற மாதிரி, அமைதியாக, கையைக் கட்டிக்கொண்டு பேசினார். அன்றைக்குத்தான் நாடகம் எழுந்து நின்றது. எதிர்க்கட்சிக்கும் நியாயம் இருக்கிறது என்று அதை நடிப்பவர் நம்பினால் பாதி வேலை முடிந்தது.

நான்காம் அங்கத்தில் டாக்டர் பெரும்பான்மையைத் திட்டி நீளமாகப் பேசுவார். நடுவில் உயர்ந்த சாதி நாய், தெருநாய் என்று இனம் பிரித்து ஓர் உவமை வரும். வாசித்துப் பார்த்தபோது அறையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நார்வேயில் அது எப்படிக் கேட்டதோ, நம் மண்ணில் அது சாதிப் பேச்சாகத்தான் கேட்கும். வெட்டிவிட்டோம். வெட்டியதால் டாக்டர் கொஞ்சம் உத்தமராகிவிட்டார் என்று தமிழாசிரியை இன்றும் குறைப்படுகிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

உரிமை விஷயம். இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை காப்புரிமை. இப்சன் 1906-ல் இறந்தவர், கவலையில்லை. ஆனால் ஆர்தர் மில்லர் 1950-ல் செய்த தழுவலை எடுத்தால் அது வேறு கணக்கு, இன்னும் உரிமையில் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கும் தனி உரிமை உண்டு. அமெச்சூர் குழு டிக்கெட் இல்லாமல் நடத்தினால் சட்டத்தின் 52-ஆவது பிரிவு விலக்கு தருகிறது. இருந்தாலும் எழுத்தாளர் உயிரோடு இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நாடகப் பிரதியைப் போலீசிடம் காட்ட வேண்டுமா என்று எங்கள் பெரியவர்கள் பயந்தார்கள். அப்படிக் கேட்ட 1954-ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தின் பிரிவுகளை, எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல் ரத்து செய்துவிட்டது. மைக் செட்டுக்கு மட்டும் ஸ்டேஷனில் அனுமதி வாங்கினோம்.

மொத்தச் செலவு 38,000 ரூபாய். அதில் ஒலி, ஒளிக்கே பாதி போனது. காலர் மைக்கில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இரண்டு வாரம் இருக்கும்போது மண்டபம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நாடகத்திலும் டாக்டருக்குக் கூட்டம் போட மண்டபம் எதுவும் தரமாட்டார்கள் இல்லையா, ஆகா, நம்மையும் மிரட்டுகிறார்கள் என்று எங்களுக்குள் ஒரு பெருமை. அப்புறம் தெரிந்தது, வளைகாப்புக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். குழுவில் ஒருவருடைய மரக்கடைக் களத்தில் போட்டோம்.

பொதுக்கூட்டக் காட்சியில் எங்கள் ஆட்கள் 5 பேரைப் பார்வையாளர்களுக்கு நடுவே உட்கார வைத்திருந்தோம், கத்துவதற்கு. மேயர் பேசி முடித்ததும் எங்கள் ஆள் அல்லாத ஒரு பெரியவர் எழுந்து கைதட்டினார். "அவர் சொல்றது சரிதானே" என்றார். பின்னால் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். டாக்டராக நடித்த பையன் வசனத்தை மறந்துவிட்டான். பிராம்ப்ட்டர் எடுத்துக் கொடுத்தும் அவன் காதில் விழவில்லை. அப்படியே நின்றான். அப்புறம் அந்தப் பெரியவரைப் பார்த்துத் தன் அடுத்த வசனத்தைச் சொன்னான், மேடையைப் பார்த்து அல்ல. மூன்று மாத ஒத்திகையில் அவன் அப்படிப் பேசியதே இல்லை.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பெரியவர் மேக்கப் கலைத்துக்கொண்டிருந்த பையனிடம் வந்தார். "தம்பி, நல்லா பண்ணினே. ஆனா அந்த டாக்டரு எங்க ஆளுங்களுக்கு வேற என்ன வேலை குடுப்பாரு?" என்று கேட்டார். பையன் என்னைப் பார்த்தான். நான் நாற்காலியை அடுக்கப் போய்விட்டேன்.