பட்டியலில் பெயர் இருக்கிறது, நியமன ஆணை வரவில்லை: ஏற்காட்டு வாசகருக்குச் சட்ட ஆலோசனை

கேள்வி (பெயரும் நிறுவனமும் நீக்கப்பட்ட சுருக்கம்):

வக்கீல் ஐயா அவர்களுக்கு வணக்கம். நான் ஏற்காடு மலைக் கிராமத்தைச் சேர்ந்தவன். மலையாளி இனம், எஸ்.டி. பிரிவு, வயது 33. ஹெவி லைசென்ஸும் கண்டக்டர் லைசென்ஸும் வைத்துக்கொண்டு லோடு வண்டி ஓட்டிப் பிழைக்கிறேன். ஒரு பொதுத்துறைப் போக்குவரத்து நிறுவனத்தின் ஓட்டுநர், நடத்துநர் பணிக்கு எழுத்துத் தேர்வு, வண்டி ஓட்டும் தேர்வு, நேர்முகத் தேர்வு மூன்றையும் முடித்தேன். எஸ்.டி. காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. பட்டியல் வந்து ஏழு மாதம் ஆகிறது. நேரில் போய்க் கேட்டால் "வரும், போங்க" என்கிறார்கள். தேர்வான ஒருவர் வேலையில் சேரவில்லை என்று கேள்விப்பட்டேன். பலர் ஓய்வு பெறுவதால் புதிய இடங்களும் காலியாகின்றனவாம். நான்கு லட்சம் கொடுத்தால் ஆணை வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். சேலம் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்கிறார் நண்பர். என் தங்கை ரயில்வே உதவி லோகோ பைலட் தேர்வில் தேறியும் கண் பரிசோதனையில் தகுதியில்லை என்று பத்து நாளுக்கு முன் திருப்பி அனுப்பப்பட்டாள். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருந்தாலும், எல்லாவற்றுக்கும் முன்னால் விடை தெரிய வேண்டிய கேள்வியை நீங்கள் எழுதவில்லை. உங்கள் பெயர் இருக்கும் பட்டியல் எந்தத் தேதி வரை செல்லும்? அறிவிக்கையின் பிற்பகுதியில், பொது நிபந்தனைகளுக்கு நடுவே, காத்திருப்போர் பட்டியலின் காலம் குறித்து ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். சில அறிவிக்கைகளில் பட்டியல் வெளியான நாளிலிருந்து ஓராண்டு என்றும், சிலவற்றில் அடுத்த அறிவிக்கை வரும் வரை என்றும் இருக்கும். உங்களுடையது ஓராண்டு என்றால், ஏழு மாதம் கழிந்துவிட்ட நிலையில் கையில் இருப்பது ஐந்தே மாதம். பட்டியல் உயிரோடு இருக்கும்போதே வழக்குத் தொடுத்தவரின் கோரிக்கை, வழக்கு நடக்கும் காலத்தில் பட்டியல் காலாவதியாவதால் மட்டும் அழிந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2000இல் கூறியிருக்கிறது. காலம் முடிந்த பிறகு முதன்முறையாக நீதிமன்றப் படியேறுபவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பது மிகக் கடினம். ஆகையால் கீழே நான் சொல்பவற்றை இந்த வாரமே தொடங்குங்கள்.

சட்டம் உங்களுக்கு எதைத் தருகிறது, எதைத் தரவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பட்டியலில் பெயர் வந்துவிட்டது என்பதாலேயே வேலை உரிமையாகிவிடாது. சங்கர்சன் தாஷ் வழக்கில் 1991இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு இதைத் தீர்த்துவைத்தது. ஆனால் அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டும் அலுவலகங்கள் பெரும்பாலும் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கின்றன. இடத்தை நிரப்பாமல் விடுவதற்கு நேர்மையான, பொருத்தமான காரணம் இருக்க வேண்டும், தன்னிச்சையாக நடந்துகொள்ள அரசுக்கு உரிமம் இல்லை என்பது அதே தீர்ப்பின் மறு பாதி. 2024 நவம்பரில் தேஜ் பிரகாஷ் பாதக் வழக்கில் மற்றோர் அரசியல் சாசன அமர்வு இதை மீண்டும் உறுதிசெய்ததோடு, ஆள்தேர்வு தொடங்கிய பின் நடுவழியில் விதிகளை மாற்றக் கூடாது என்றும், விதிகளிலேயே அதற்கு இடமிருந்தாலொழிய அப்படிச் செய்ய முடியாது என்றும் சொன்னது. "வேலை கொடு" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லை. "இடம் இருந்தும் எனக்கு ஏன் கொடுக்கவில்லை, காரணம் சொல்" என்று கேட்கும் உரிமை முழுமையாக இருக்கிறது.

நீங்கள் ஒரே மூச்சில் எழுதியிருக்கும் இரண்டு செய்திகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பலர் ஓய்வு பெறுவதால் புதிதாக வரும் காலியிடங்களை உங்கள் பட்டியலிலிருந்து நிரப்பக் கோரினால் வழக்கு தோற்கும். அறிவிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் நியமிப்பது, அதன் பிறகு தகுதி பெற்ற மற்றவர்களின் வாய்ப்பைப் பறிப்பதாகும் என்று 2010இல் ராக்கி ராய் வழக்கில் தெளிவாகச் சொல்லப்பட்டது. காத்திருப்போர் பட்டியல் வற்றாத ஊற்று அல்ல. தேர்வானவர் சேராமல் போனால் அந்த இடத்தை நிரப்பத்தான் அது வைக்கப்படுகிறது. அதே காரணத்தால், தேர்வான ஒருவர் சேரவில்லை என்ற உங்கள் இரண்டாவது செய்தி மிக வலுவானது. அது அறிவிக்கப்பட்ட எண்ணிக்கைக்குள் இருக்கும் இடம். அதற்காகவே உங்கள் பெயர் வரிசையில் நிற்கிறது. ஆனால் கேள்விப்பட்டது சாட்சியம் ஆகாது. சேராதவர் எந்தச் சுழற்சியில், அதாவது எந்த ஒதுக்கீட்டுப் பிரிவின் இடத்தில், தேர்வானவர் என்பதும் தெரிய வேண்டும். அவர் எஸ்.டி. இடத்தில் தேர்வானவராக இருந்தால் அடுத்த முறை உங்களுடையது. வேறு பிரிவு என்றால் அந்தப் பிரிவின் காத்திருப்போர்தான் அழைக்கப்படுவார்.

இன்னொன்றையும் சரிபார்க்கச் சொல்வேன், பலரும் இதைக் கவனிப்பதில்லை. தமிழ்நாட்டின் 69 சதவீத ஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு 1 சதவீதம், இடங்களைப் பிரிவு வாரியாக வரிசைப்படுத்தும் 200 முனை இனச்சுழற்சியில் இரண்டே முனை. இவ்வளவு குறுகிய வாசலில் ஓர் ஆளின் இடம் தவறினாலும் ஒரு குடும்பத்தின் வாழ்க்கை மாறிவிடும். எஸ்.டி. பிரிவைச் சேர்ந்த ஒருவர், வயது முதலான சலுகை எதையும் பயன்படுத்தாமல், பொதுப் பிரிவின் கடைசி மதிப்பெண்ணுக்கு மேல் எடுத்திருந்தால், அவரைப் பொதுச் சுழற்சியில் வைக்க வேண்டும், எஸ்.டி. இடத்தில் கணக்கிடக் கூடாது. 1992இன் இந்திரா சஹானி தீர்ப்பும் 1995இன் சபர்வால் தீர்ப்பும் நிலைநிறுத்திய கொள்கை இது. அப்படி ஒருவரை எஸ்.டி. இடத்தில் அடைத்திருந்தால், அவர் பொதுவுக்கு நகரும்போது காலியாகும் இடம் காத்திருப்போரில் முதலாவதாக நிற்கும் உங்களுக்கே வரும்.

இவற்றை எல்லாம் கண்டுபிடிக்கும் கருவி 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம். வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, நிறுவனத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒப்புகையுடன் அஞ்சலில் அனுப்புங்கள். அறிவிக்கப்பட்ட மொத்த இடங்கள் எத்தனை, அவை இனச்சுழற்சியில் எப்படிப் பிரிக்கப்பட்டன. எத்தனை பேருக்கு ஆணை தரப்பட்டது, குறித்த காலத்தில் சேராதவர்கள் எத்தனை பேர், எந்தச் சுழற்சியில். பொதுச் சுழற்சியின் கடைசி மதிப்பெண் என்ன, எஸ்.டி. சுழற்சியில் தேர்வானவர்களின் மதிப்பெண் என்ன. காத்திருப்போர் பட்டியல் எந்தத் தேதி வரை செல்லும் என்று கேளுங்கள். "ஏன் எனக்கு வேலை தரவில்லை?" என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். கோப்பில் ஏற்கெனவே இருப்பதை மட்டும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அல்லது மழுப்பினால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். பிறர் மதிப்பெண்ணைத் தனிப்பட்ட தகவல் என்று மறுத்தாலும், எண்ணிக்கைகளையும் சுழற்சி விவரத்தையும் மறுக்க முடியாது.

அதே நாளில் நியமன அலுவலருக்கு ஒரே ஒரு கோரிக்கை மனுவும் அனுப்புங்கள். ஒன்றே ஒன்று என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் ஒருவர் மஞ்சள் பையோடு என்னைத் தேடி வந்தார். பையில் பதினொரு மனுக்களின் நகல்களும், ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை அட்டையும், தேதி வாரியாக நூல் கோத்துக் கட்டப்பட்டிருந்தன. நான்கு ஆண்டு அப்படி எழுதியிருந்தார். பட்டியல் இரண்டாவது மனுவுக்கும் மூன்றாவது மனுவுக்கும் இடையில் காலாவதியாகியிருந்தது. எழுத்து மணி மணியாக இருந்தது, வாதமும் சரியாகவே இருந்தது, ஆனால் கேட்க வேண்டிய காலம் போயிருந்தது. மனு மேல் மனு போடுவதால் காலதாமதம் மன்னிக்கப்பட்டுவிடாது என்று தமிழ்நாட்டிலிருந்து சென்ற சி. ஜேக்கப் வழக்கிலேயே 2008இல் உச்ச நீதிமன்றம் எச்சரித்திருக்கிறது. அந்தப் பையை அவரிடம் திருப்பிக் கொடுத்தது எனக்கு இன்றும் மறக்கவில்லை. உங்கள் மனுவுக்கு நான்கு வாரம் அவகாசம் கொடுத்து, அதற்குள் பதில் வராவிட்டால் நீதிமன்றம் செல்வேன் என்று எழுதுங்கள், அப்படியே செய்யுங்கள்.

எந்த நீதிமன்றம் என்பதில் உங்கள் நண்பர் சொல்வது தவறு. தொழிலாளர் நீதிமன்றம் தொழிலாளியாக ஆனவருக்கு உரியது. நீங்கள் இன்னும் விண்ணப்பதாரர்தான். மாநில அரசின் பொதுத்துறை நிறுவனம் அரசியல் சாசனத்தின் 12ஆவது உறுப்பின்படி அரசுக்குச் சமமானது என்பதால், 226ஆவது உறுப்பின் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது அரசு அமைப்புக்கு உத்தரவிடக் கோரும் மனு, தாக்கல் செய்ய வேண்டும். சேலம் மாவட்டம் மதுரைக் கிளையின் வரம்புக்குள் வராது. ரிட் மனுவில் இரண்டு கவனம் தேவை. "என் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடுங்கள்" என்று மட்டும் கேட்டால், அந்த உத்தரவு எளிதாகக் கிடைக்கும். சில வாரத்தில் "பரிசீலிக்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது" என்ற கடிதமும் எளிதாகவே வரும். சேராதவரின் இடத்தை உங்களைக் கொண்டு நிரப்ப வேண்டும் என்றே நேராகக் கேளுங்கள். அடுத்து, உங்கள் கோரிக்கையால் யாருடைய இடம் பாதிக்கப்படுமோ அவரை எதிர்மனுதாரராகச் சேர்க்காமல் விட்டால் நல்ல வழக்கும் அந்தக் குறையாலேயே தள்ளுபடியாகும்.

நான்கு லட்சம் கேட்பவரிடம் இனி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். உங்கள் பெயர் முதலாவதாக இருப்பதைத் தெரிந்துகொண்டே அவர் வருகிறார். முறைப்படி ஆணை வந்தால் தன் முயற்சி என்பார், வராவிட்டால் மறைந்துவிடுவார். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு, அரசு ஊழியருக்காக லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளியே. கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் அந்தக் குற்றத்திலிருந்து பாதுகாப்பு உண்டு. தமிழ்நாட்டுப் போக்குவரத்துக் கழக வேலைகளுக்குப் பணம் பெறப்பட்டதாகத் தொடரப்பட்ட வழக்கில், கொடுத்தவர்களும் எதிர்தரப்பும் சமரசம் செய்துகொண்டார்கள் என்பதற்காகக் குற்ற வழக்கை ரத்து செய்ததை உச்ச நீதிமன்றம் 2022இல் ஏற்கவில்லை. அவர் மீண்டும் வந்தால், பேச்சைக் குறித்துவைத்துக்கொண்டு சேலத்தில் உள்ள லஞ்ச ஒழிப்புத் துறை அலுவலகத்தில் சொல்லுங்கள்.

தங்கையின் விஷயத்தில் நாள் இன்னும் குறைவு. உதவி லோகோ பைலட் பணிக்கு ஏ-1 என்ற மிகக் கடுமையான மருத்துவத் தரம். கண்ணாடி இல்லாமல் இரு கண்ணிலும் 6/6 பார்வையும் நிறம் பிரித்தறியும் திறனும் வேண்டும், பார்வையைத் திருத்தும் லேசிக் என்ற லேசர் அறுவை செய்தவர்களை ஏற்பதில்லை. அவருக்குக் குறை உண்மையிலேயே இருந்தால் வழக்கு உதவாது. பரிசோதனையில் பிழை இருக்கலாம் என்று நம்பினால், முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள், கண் மருத்துவ நிபுணரின் சான்றோடு ரயில்வேயிடம் மறு பரிசோதனைக்கு மேல்முறையீடு செய்ய வேண்டும். பத்து நாள் போய்விட்டது. எனவே நாளைக்கே சேலம் அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்குச் செல்லட்டும். சான்றளிக்கும் மருத்துவர், ரயில்வே மருத்துவர் தகுதியின்மை அறிவித்திருப்பதைத் தெரிந்தே இச்சான்றைத் தருகிறேன் என்று அதில் கட்டாயம் எழுத வேண்டும், இல்லாவிட்டால் சான்று கணக்கில் எடுக்கப்படாது. மேல்முறையீடும் நிராகரிக்கப்பட்டால், ரயில்வே மத்திய அரசுப் பணி என்பதால் அவர் செல்ல வேண்டியது உயர் நீதிமன்றத்துக்கு அல்ல, சென்னையில் உள்ள மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்கு. இறுதி முடிவிலிருந்து ஓராண்டுதான் கெடு.

உங்கள் லைசென்ஸின் தேதியையும் எடுத்துப் பாருங்கள். போக்குவரத்து வாகன உரிமம் ஐந்தாண்டுக்குத்தான்; காலாவதியான பிறகும் முப்பது நாள் செல்லும் என்றிருந்த சலுகையை மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் எடுத்துவிட்டது. முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்கலாம் என்பதால், ஒரு நாள் இடைவெளியும் விழாமல் இப்போதே புதுப்பித்துவிடுங்கள். ஆணை வந்து, சான்று சரிபார்க்கும் மேசையில் உரிமம் காலாவதியாகி நிற்பதைவிட வேதனை வேறில்லை. சாதிச் சான்று வருவாய்க் கோட்டாட்சியர் கையெழுத்திட்டதா என்றும் பாருங்கள். 1989 நவம்பர் 11க்குப் பிறகு வழங்கப்பட்ட பழங்குடியினர் சான்றுகளுக்கு வட்டாட்சியர் கையெழுத்து செல்லாது.

வழக்குச் செலவை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, பழங்குடியினரான உங்களுக்கும், பழங்குடிப் பெண்ணான உங்கள் தங்கைக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். அறிவிக்கை, தேர்வு நுழைவுச் சீட்டு, பட்டியலின் அச்சுப் பிரதி, சாதிச் சான்று, தகவல் உரிமை மனுவின் நகலும் ஒப்புகையும் ஆகியவற்றோடு, அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு வேலை நாளில் காலையிலேயே வாருங்கள். சென்னை உயர் நீதிமன்ற வழக்குக்கான விண்ணப்பத்தையும் அங்கிருந்தே அனுப்பிவைப்பார்கள். மலையிலிருந்து இறங்க முடியாத நாளில் 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.