சேத்துல நிக்குது, பாறையில வழுக்குது!

கேள்வி: புது வாக்கிங் பூட்ஸ், அடியில பல்லு பல்லா ஆழமாத்தான் இருக்கு, சேத்துல சூப்பரா நிக்குது, ஆனா நனைஞ்ச பாறையில வச்சா சர்ருனு வழுக்குதே, ஏன்?

பதில்: பல்லு சேத்துக்குள்ள இறங்கிக் கடிக்கத்தாங்க, வழவழ பாறையில கடிக்க என்ன இருக்கு, அங்க ரப்பர் எவ்ளோ மெத்துனு இருக்கு, எவ்ளோ பரப்பு தரையைத் தொடுதுங்கறதுதான் மேட்டர். பூட்ஸோட அடி ரப்பர்ல நகத்தை அழுத்திப் பாருங்க. கொஞ்சம்கூட அமுங்கலையா, கெட்டி ரப்பர், ரொம்ப நாள் உழைக்கும், ஆனா ஈரத்துல காலை வாரிடும். மெத்து ரப்பர் நல்லா பிடிக்கும், சீக்கிரம் தேஞ்சுடும், ரெண்டும் சேர்ந்து கிடைக்கறது கஷ்டம். பழைய பூட்ஸ்னா ரப்பர் இறுகியும் போயிருக்கும். பாசி மேல மட்டும் எந்த பூட்ஸையும் நம்பாதீங்க, சுத்திப் போயிடுங்க.